புதுப்படம் வீட்டுக்கு வந்துவிட்டது, டிவிக்கு வந்ததா?

தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் தியேட்டருக்கு வந்து நாலு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. இந்திப் படங்களுக்குப் பெரிய மல்டிபிளெக்ஸ் நிறுவனங்கள் எட்டு வார இடைவெளி கேட்கின்றன. 2023இல் 'லியோ' படத்தின் இந்திப் பதிப்பு வடக்கே அந்தப் பெரிய மல்டிபிளெக்ஸ்களில் வராமல் போனதற்கு இதுதான் காரணம். ஆக, தியேட்டருக்குப் போக முடியாத தமிழ் ரசிகர்தான் நாட்டிலேயே கொடுத்து வைத்தவர் என்று சொல்லத் தோன்றும். என் அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை ஆனபோது வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். "இப்ப என்னம்மா, எல்லாப் படமும் வீட்டுக்கே வருது, அப்பாவுக்குப் போட்டு விடு." போட்டு விடுவதற்குள் நான் பட்ட பாட்டை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. தம்பி வெளிநாட்டில். அம்மா இல்லை. திண்டுக்கல்லில் நானும் அப்பாவும் மட்டும். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் திண்டாடியதையும், கையை விட்டுப் போன பணத்தையும் இங்கே எழுதி வைக்கிறேன். வீட்டில் நடமாட முடியாத பெரியவர் ஒருவரை வைத்துக்கொண்டு இதே தேடலில் இருப்பவர்களுக்கு உதவும்.

அப்பா அரசு பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த ஊர் டிரிப் போனாலும் அந்த ஊர் தியேட்டரில் என்ன படம் என்று விசாரித்துவிட்டு வருவார். புதுப்படத்தை முதல் வாரத்தில் பார்த்துவிட்டு டிப்போவில் கதை சொல்வது அவருடைய வழக்கம். அப்படிப்பட்டவரைப் படுக்கையில் கிடத்தியதும் வலியைவிட அதிகமாக அவரை வாட்டியது, நண்பர்கள் வந்து ஒரு படத்தைப் பற்றிப் பேசும்போது தான் மட்டும் பார்க்காமல் இருப்பதுதான். "கிளைமாக்ஸ சொல்லிப்புடாதப்பா" என்று காதைப் பொத்திக்கொள்வார். அதைப் பார்த்துத்தான் எப்படியாவது புதுப்படங்களை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று இறங்கினேன்.

முதலில் சந்தா. மொபைல் ரீசார்ஜ் கடையில் ஒரு வருட பேக் போட்டால் ஓடிடி இலவசம் என்றார்கள். இலவசம்தான். ஆனால் அது மொபைலுக்கு மட்டும். போன் திரையை ஒயர் வழியாக டிவிக்கு அனுப்பிப் பார்த்தால் சத்தம் மட்டும் வருகிறது, படம் கருப்பு. அப்பா அந்தக் கருப்புத் திரையையே பார்த்துக்கொண்டு, "டைட்டிலே இன்னும் போடலையேம்மா" என்றார். அன்றைக்கு அவருக்கு ஆறு அங்குலப் போனில்தான் படம் காட்டினேன். படுத்துக்கொண்டு நெஞ்சின் மேல் போனை வைத்துப் பார்த்தவர், கண்ணெரிச்சலில் அரை மணி நேரத்தில் போதும் என்றுவிட்டார். ஒரு வருட ரீசார்ஜ் பணம் மூவாயிரத்துச் சொச்சம். பேசுவதற்கும் இணையத்துக்கும் அது பயன்பட்டது, சரி. எதற்காக வாங்கினேனோ அதற்குப் பயன்படவில்லை.

இதில் தெரிந்துகொள்ள வேண்டியது, 'ஓடிடி சந்தா' என்று ஒன்று கிடையாது. ஒரே நிறுவனத்தில் மொபைலுக்கு ஒரு விலை, டிவிக்கு ஒரு விலை. உதாரணத்துக்கு, நெட்ஃபிளிக்ஸ் 2021 டிசம்பரில் இந்தியாவில் விலையைக் குறைத்தபோது மாதம் 149 ரூபாய்க்கு வைத்தது மொபைல், டேப்லெட்டுக்கு மட்டுமான திட்டம். டிவியில் பார்க்க வேண்டுமென்றால் அதற்கு அடுத்த 199 ரூபாய் திட்டம். ஐம்பது ரூபாய் வித்தியாசத்தில் பெரிய திரையே வேறாகிவிடுகிறது. ரீசார்ஜோடு சேர்ந்து வருபவை பெரும்பாலும் மொபைல் வகைதான். எனவே கடைக்காரரிடம் "ஓடிடி இருக்கா?" என்று கேட்காதீர்கள். "டிவியில ஓடுமா?" என்று கேளுங்கள். வருடச் சந்தாவும் முதலிலேயே வேண்டாம், ஒரு மாதத்துக்குப் போட்டுப் பாருங்கள். இன்னொன்று, நீங்கள் காத்திருக்கும் படம் எந்த ஓடிடிக்கு வரப்போகிறது என்பதைப் படம் வெளியாகும்போதே தெரிந்துகொள்ளலாம். படத்தின் தொடக்க டைட்டிலிலோ போஸ்டரிலோ டிஜிட்டல் பார்ட்னர் பெயர் பெரும்பாலும் இருக்கும். தியேட்டருக்குப் போகும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லி வைத்தால் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். நான் அப்படித்தான் இப்போது எந்த மாதம் எந்தச் சந்தா என்று முடிவு செய்கிறேன். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் வைத்திருக்கத் தேவையே இல்லை.

எங்கள் டிவி பழையது, இணையம் வராது. சாதாரண டிவியை ஸ்மார்ட் ஆக்கும் என்று சொல்லி ஒரு சின்ன ஆண்ட்ராய்டு பெட்டியைக் கடையில் கொடுத்தார்கள். அட்டையில் 4கே என்று பெரிதாக அச்சடித்திருந்தது. மாட்டிப் படம் போட்டதும் முகமெல்லாம் மெழுகு பூசினாற்போல் இருந்தது. இணைய வேகம் போதவில்லை என்று நினைத்து, மாதம் கூடுதலாகப் பணம் கட்டி வேகத்தைக் கூட்டினேன். மாற்றமே இல்லை. காரணம் வேறு என்பது பிறகுதான் தெரிந்தது. ஓடிடி நிறுவனங்கள் படத்தை யாரும் திருடிவிடாமல் பூட்டி அனுப்புகின்றன. ஆண்ட்ராய்டு சாதனங்களில் அந்தப் பூட்டுக்கு வைட்வைன் என்று பெயர். அதில் எல்1, எல்3 என்று நிலைகள் உண்டு. எல்1 சான்று பெற்ற சாதனத்துக்குத்தான் எச்டி தரத்தில் படம் அனுப்புவார்கள். எல்3 சாதனம் என்றால் உங்கள் இணையம் எவ்வளவு வேகமாக இருந்தாலும், சந்தா எவ்வளவு உசத்தியாக இருந்தாலும், பெரும்பாலும் 480 வரிப் படம்தான். எங்கள் பெட்டி எல்3. கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன் என்றார். பெட்டிக்கு இரண்டாயிரத்து எண்ணூறு, இணைய வேகத்துக்குக் கூடுதலாகக் கட்டியது தனி. அன்று எனக்கு வந்த கோபத்தில் கடையிலேயே சத்தம் போட்டுவிட்டேன்.

நீங்கள் பெட்டியோ டிவியோ வாங்கினால், கடையிலேயே அதில் 'டிஆர்எம் இன்ஃபோ' என்ற இலவச ஆப்பைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பாதுகாப்பு நிலை எல்1 என்று வந்தால் மட்டும் பணம் கொடுங்கள். நெட்ஃபிளிக்ஸ் ஆப்பின் அமைப்புகளிலும் பிளேபேக் விவரம் என்ற இடத்தில் இது தெரியும். அட்டையில் எழுதியிருக்கும் 4கேயை நம்ப வேண்டாம்.

நல்ல பெட்டி ஒன்று வாங்கி மாட்டியதும், சந்தாவில் இன்னும் வராத ஒரு புதுப்படத்தை ஓடிடியிலேயே தனியாகப் பணம் கட்டி வாடகைக்கு எடுத்தேன். வாடகை நூற்றைம்பதுக்கும் கொஞ்சம் குறைவு. டிப்போ நண்பர்கள் மூன்று பேரை வரச் சொல்லி அப்பாவே போன் போட்டார். வருபவர்கள் முன்னால் படம் திக்கக் கூடாது என்பதற்காக, முதல் நாள் இரவே ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு நிறுத்தினேன். மறுநாள் எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். நான்கு கண்டக்டர்களும் சேர்ந்து படம் பார்ப்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். படத்தில் ஒரு பஸ் காட்சி வந்ததும் நிறுத்தச் சொல்லி, அந்த வண்டியின் ரூட் போர்டு சரியா தப்பா என்று கால் மணி நேரம் வாதம். அப்புறம் இடைவேளை. இடைவேளைக்கு டீ, வடை. வடை முடிந்ததும் அப்பாவுக்கு வலி மாத்திரை நேரம். மாத்திரை போட்டதும் தூங்கிவிட்டார். மாமாக்கள் "நாளைக்கு வந்து மிச்சத்தப் பாத்துக்கிறோம் தாயி, அவன் இல்லாம பாக்கக் கூடாது" என்று எழுந்து போனார்கள். மறுநாள் ராத்திரி எட்டு மணிக்கு எல்லோரும் மீண்டும் கூடி, கதையை யார் எந்த இடத்தில் விட்டோம் என்று பேசி முடித்து, நான் படத்தைப் போட்டால், வாடகைக் காலம் முடிந்துவிட்டது என்கிறது திரை. அப்பாவின் முகம் விழுந்துபோனதை என்னால் பார்க்க முடியவில்லை. மறுபடி பணம் கட்டிப் பாதிப் படத்தைப் போட்டேன். வயிறு எரிந்தது.

விதி இதுதான்: வாடகைக்கு எடுத்த படத்தைத் தொடங்க வழக்கமாக 30 நாள் அவகாசம் இருக்கும். தொடங்கிவிட்டால் 48 மணி நேரத்தில் முடிக்க வேண்டும். ஒரு நிமிடம் ஓட்டினாலும் தொடங்கியதாகவே கணக்கு. சோதித்துப் பார்க்க வேண்டும் என்றால் அதே ஆப்பில் டிரெய்லரை ஓட்டிப் பாருங்கள், வாடகைப் படத்தைத் தொடாதீர்கள். நோயாளிக்காக எடுக்கிறீர்கள் என்றால், அவர் எந்த நேரத்தில் தெளிவாக இருப்பார், மாத்திரை எப்போது, பிசியோதெரபி எப்போது என்று பார்த்து, அதற்கு முந்தைய நாளே தொடங்காமல் அந்த நேரத்தில் தொடங்குவது நல்லது. எங்கள் வீட்டில் காலை பத்து மணி. பிரைம் வீடியோவில் 2022இல் இந்த வாடகை வசதி வந்தது. அதற்குச் சந்தா இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை என்பதும் பலருக்குத் தெரியாது. ஒரே ஒரு படத்துக்காகச் சந்தா கட்டப்போகிறவர்கள் வாடகையில் கிடைக்கிறதா என்று முதலில் பார்க்கலாம்.

அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்று நினைத்ததில் நடந்தது இதைவிட மோசம். இணையத்தில் வாடிக்கையாளர் சேவை எண் என்று தேடினேன். முதலில் வந்த எண்ணை அழைத்தேன். எடுத்தவர் நல்ல தமிழில் "அக்கா" என்று மரியாதையாகப் பேசினார். பணத்தை உடனே அனுப்புகிறோம், அதற்கு ஒரு சின்ன ஆப் போட வேண்டும் என்றார். அது என் போன் திரையை அவருக்குக் காட்டும் ஆப். பணம் வந்து சேர யுபிஐ பின் நம்பரை அடியுங்கள் என்றார். அடித்தேன், நாலாயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய் போய்விட்டது. நூற்றைம்பது ரூபாயைத் திரும்பக் கேட்கப்போய் அப்பாவின் ஊன்றுகோலுக்கும் மருந்துக்கும் வைத்திருந்த பணம் போனது. அழுதேன். அப்பாவிடம் சொல்லவில்லை. அடுத்த அறையில் அவர் பழைய பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார், நான் சமையலறையில் வங்கிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தேன். இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுத்தேன். புகார் எண் கிடைத்திருக்கிறது, பணம் இன்னும் வரவில்லை.

இதை மட்டும் பெரியவர்கள் இருக்கும் எல்லா வீட்டிலும் சொல்லி வையுங்கள். பணம் நமக்கு வர யுபிஐ பின் நம்பர் ஒருபோதும் வேண்டாம், அனுப்புவதற்குத்தான் பின் நம்பர். ஓடிடி நிறுவனத்தின் உதவியை அந்த ஆப்புக்குள்ளேயே இருக்கும் உதவிப் பக்கத்தில் மட்டும் கேளுங்கள், தேடுபொறியில் கிடைக்கும் எண்ணில் வேண்டாம். திரையைப் பகிரும் ஆப் எதையும் யார் சொன்னாலும் போடாதீர்கள். பணம் போனது தெரிந்த நிமிடமே 1930. சீக்கிரம் சொன்னால் அந்தப் பணம் கைமாறுவதற்குள் அதை முடக்க வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு நாள் தள்ளினால் அந்த வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

இவ்வளவு நடந்ததையும் கொஞ்ச நாள் கழித்து அப்பாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. வீடியோ கேசட் போட்டுப் பார்க்கும் டெக் காலத்தைப் பற்றிப் பேசினார். ஒரு ராத்திரிக்கு டிவியும் டெக்கும் மூன்று கேசட்டும் வாடகைக்கு எடுப்பார்களாம். கடைப் பையன் சைக்கிளில் கொண்டுவந்து, ஒயர் மாட்டி, படம் தெரிந்த பிறகுதான் பணம் வாங்குவானாம். "படம் தெரியாம எவன் காசு குடுப்பான்?" என்று அப்பா கேட்டது என் மனதில் அப்படியே நின்றுவிட்டது. இப்போது பணம் முதலில் போகிறது. படம் தெரியாவிட்டால் கேட்க ஆளில்லை. அவர் நினைவில் எல்லாமே இருக்கிறது. 2007இல் மோசர் பேயர் 28 ரூபாய்க்கு விசிடி போட்டபோது டிப்போவில் ஆளுக்குப் பத்துப் படம் வாங்கினார்களாம். 2013இல் 'விஸ்வரூபம்' படத்தைத் தியேட்டருக்கு முன்பே டிடிஎச்சில் ஆயிரம் ரூபாய்க்குக் காட்டக் கமல்ஹாசன் திட்டமிட்டு, தியேட்டர்காரர்கள் எதிர்த்ததும், 2015இல் சேரன் தன் படத்தை ஐம்பது ரூபாய் டிவிடியாக வீட்டுக்கே அனுப்பிப் பார்த்ததும், 2020 மே மாதம் ஊரடங்கில் 'பொன்மகள் வந்தாள்' நேராக ஓடிடிக்கு வந்ததும் அவர் வரிசையாகச் சொல்கிறார். வீட்டுக்குப் படம் வருவதற்காக இவ்வளவு பேர் முட்டி மோதியிருக்கிறார்கள்.

படம் தெரிந்த பிறகும் ஒரு பிரச்சினை பாக்கி இருந்தது. சத்தம். பஸ் இஞ்சின் பக்கத்தில் காலம் முழுக்க நின்றதாலோ என்னவோ, அப்பாவுக்குக் காது மந்தம். சண்டைக் காட்சியில் ஜன்னல் அதிர்கிறது, வசனம் மட்டும் கேட்கவில்லை. ரிமோட்டை வைத்துக்கொண்டு ஏற்றி இறக்குவதே எனக்கு வேலையாகிவிட்டது. புதுப்படங்களின் 5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கு என்று தனியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். நம் டிவியில் இருப்பது இரண்டே சின்ன ஸ்பீக்கர். எல்லாவற்றையும் அதில் திணிக்கும்போது வசனம் அமுங்கிப்போகிறது. படம் ஓடும்போது ஆடியோ பட்டியலைத் திறந்து பாருங்கள். தமிழ் என்று ஒன்றும், தமிழ் 5.1 என்று ஒன்றும் இருந்தால், 5.1 இல்லாததைத் தேர்ந்தெடுங்கள். டிவியின் ஒலி அமைப்பில் கிளியர் வாய்ஸ் போன்ற ஒன்று இருந்தால் அதைப் போடுங்கள். எங்கள் வீட்டில் இந்த இரண்டிலேயே பாதி சரியாகிவிட்டது. மீதிக்கு ஒயர் வைத்த ஹெட்போன் வாங்கினேன், ஐநூறு ரூபாய்க்குள்தான். புளூடூத் ஹெட்போனில் சில சமயம் உதட்டசைவுக்குப் பின்னால் சத்தம் வருகிறது, வயதானவர்களைக் குழப்பும். வாங்குவதற்கு முன் டிவியில் ஹெட்போன் ஒயர் மாட்டும் ஓட்டை இருக்கிறதா, மாட்டினால் ஸ்பீக்கரும் சேர்ந்து ஒலிக்குமா என்று பார்த்துவிடுங்கள். எங்கள் டிவியில் இரண்டும் ஒலிக்கும். ஹெட்போன் போட்டுக்கொண்டு அப்பா நண்பர்களிடம் மெதுவாகச் சொல்வதாக நினைத்துச் சொல்லும் விமர்சனம் எதிர்வீடு வரை கேட்கிறது. எதிர்வீட்டு அக்கா அதைக் கேட்டுத்தான் எந்தப் படம் பார்ப்பது என்று முடிவு செய்கிறாராம்.

தமிழிலேயே வசனங்களைக் கீழே எழுத்தாகப் போட்டால் காது மந்தமானவர்களுக்கு எவ்வளவு உதவியாக இருக்கும்! நாங்கள் பார்த்த தமிழ்ப் படங்கள் பலவற்றில் ஆங்கில எழுத்துதான் இருந்தது. அப்பாவுக்குத் தமிழ் தினசரி ஒன்றை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படிக்கத் தெரியும், ஆங்கிலம் தெரியாது. இது எனக்கு உண்மையான வருத்தம். தமிழ்ப் படத்துக்குத் தமிழ் எழுத்து போடுவதை நிறுவனங்கள் கட்டாயமாகச் செய்ய வேண்டும். தமிழ் எழுத்து உள்ள படமா என்று விவரப் பக்கத்தில் பார்த்துவிட்டுத்தான் இப்போது வாடகைப் பணம் கட்டுகிறேன்.

சந்தாவை நிறுத்துவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஆப்பை போனிலிருந்து நீக்கினால் சந்தா நின்றுவிடாது. ஒரு ஓடிடியை நீக்கிய பிறகும் மாதாமாதம் பணம் போய்க்கொண்டே இருந்தது. யுபிஐ ஆப்பில் ஆட்டோபே என்ற இடத்தில் நாம் அனுமதி கொடுத்தவை எல்லாம் பட்டியலாக இருக்கும். அங்கே போய் ரத்து செய்யலாம். ரிசர்வ் வங்கி விதிப்படி, பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் வர வேண்டும். அந்தக் குறுஞ்செய்தியை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.

கடைசியாக, சிங்கப்பூரில் இருக்கும் அத்தை மகன் ஒரு கட்டு டிஸ்க் கொண்டுவந்து கொடுத்தான். இணையமும் வேண்டாம், 48 மணி நேரமும் வேண்டாம் என்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். அதில் சில புளூரே எங்கள் பிளேயரில் ஓடவில்லை. புளூரே என்கிற எச்டி டிஸ்க்கில் உலகத்தை மூன்று மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள், ஒரு மண்டலத்து டிஸ்க் இன்னொரு மண்டலத்துப் பிளேயரில் ஓடாது. சிங்கப்பூர் ஏ, இந்தியா சி. டிவிடியில் சிங்கப்பூர் 3, இந்தியா 5. அட்டையின் பின்பக்கம் சின்ன உலக உருண்டைப் படத்தில் அந்த எழுத்தோ எண்ணோ இருக்கும். எல்லா மண்டலத்துக்கும் என்று போட்டிருந்தால் கவலையில்லை, தமிழ் டிவிடிகள் பல அப்படித்தான் வருகின்றன. 4கே அல்ட்ரா எச்டி டிஸ்க்குக்கு மண்டலமே கிடையாது, ஆனால் அதற்குத் தனி பிளேயர் வேண்டும். உள்ளூரில் பழைய டிவிடி வாங்கினால் திருப்பிப் பாருங்கள். தொழிற்சாலையில் அச்சானது வெள்ளி நிறம், வீட்டில் பதிந்தது ஊதா சாயல். ஊதா சில வருடங்களில் நின்றுபோகலாம், அதற்கு அசல் விலை கொடுக்க வேண்டாம். பிளேயர் வாங்கும்போது எச்டிஎம்ஐ உள்ளதாகப் பாருங்கள், புது டிவிகளில் பழைய மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர் மாட்டும் இடம் பெரும்பாலும் இருப்பதில்லை. டிஸ்க்கைத் துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காமல் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். ஓடாத அந்தப் புளூரேக்களை அத்தை மகன் அடுத்த முறை வரும்போது எடுத்துப்போய், எல்லா மண்டலத்துக்கும் ஓடும் பதிப்பு கிடைத்தால் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறான். அப்பா பட்டியல் எழுதத் தொடங்கிவிட்டார்.